பிள்ளைப் பருவ நோயும் படைப் பணியும்

நம் சங்கத்து நண்பர்களுள் சிலர் ஆண்டுதோறும் தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிப் பதவிகளுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு இரவு பகலாகப் படிக்கிறார்கள். கப்பன் சாலைத் தேர்வு மையத்தில் நடக்கும் ஐந்து நாள் சோதனைக்காகக் கயிறு ஏறுகிறார்கள். கூட்டத்தில் பேசிப் பழகுகிறார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு என்ன ஆயத்தம் செய்தீர்கள் என்று கேட்டால், காதுக் குறும்பியை எடுத்துவிட்டேன், பல்லைச் சுத்தம் செய்துகொண்டேன், மூன்று கிலோ எடை குறைத்தேன் என்பார்கள். அவ்வளவுதான். ஆனால், அந்தப் பரிசோதனையில் டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் நம் மார்பைத் தொடுமுன்னே நம் கைக்கு வந்து சேர்வது ஒரு காகிதம். அதற்கு ஆயத்தம் செய்தவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

அந்தக் காகிதம் நம் உடலின் வரலாற்றைக் கேட்கிறது. ஆஸ்துமா உண்டா, காசநோய் உண்டா, நுரையீரல் உறையில் நீர் கோத்ததா, மூட்டுவாதம் வந்ததா, சிறுநீரகக் கோளாறு, மஞ்சள் காமாலை, வலிப்பு, மயக்கம், தலையில் பலத்த காயம், அறுவைச் சிகிச்சை ஏதேனும் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய், இருதய நோய், மனநோய் உண்டா என்பதும் வரும். முடிவில், நான் அறிந்தவரை இவையெல்லாம் உண்மை என்று கையெழுத்திட வேண்டும்.

‘நான் அறிந்தவரை’ என்ற சொற்றொடரைச் சற்று நிறுத்திப் பாருங்கள். மூன்று வயதில் நமக்கு வந்த நோயை நாம் அறிந்தோமா? அறிந்தவள் தாய். அவள் அறிந்ததோ டாக்டரின் மொழியில் அன்று, ஊர் மொழியில். படிவமோ ஆங்கிலத்தில் கேட்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பலருடைய தகுதி நிலைத்தும் விடுகிறது, குலைந்தும் விடுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் அறைத் தோழர் வேலூர்ப் பக்கத்தவர், விமானப்படைக்கு விண்ணப்பித்திருக்கிறார். “சின்ன வயசிலே உனக்கு இழுப்பு வந்து தூக்கிக்கிட்டு ஓடினோம்” என்று அவர் தாயார் அடிக்கடி சொல்வாராம். இழுப்பு என்றால் என்ன? மூச்சு இழுத்தால் அதுவும் இழுப்பு, ஆஸ்துமா. கை கால் வெட்டி இழுத்தால் அதுவும் இழுப்பு, வலிப்பு. தமிழில் ஒரே சொல். படிவத்திலோ இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். அவற்றின் விளைவுகளும் வெவ்வேறு. தொலைபேசியில் தாயாரிடம் கேட்டபோது, நல்ல காய்ச்சல், கண் மேலே செருகியது, இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிட்டது, மூன்று வயது, ஒரே ஒரு தடவை என்று தெரிய வந்தது. ஊரில் பலரும் இதைக் காய்ச்சல் ஜன்னி என்பர்.

விஞ்ஞானம் இதைப் பற்றிச் சொல்வது தெளிவானது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேர்க்குக் காய்ச்சலோடு சேர்ந்த வலிப்பு வருவதுண்டு. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை உடல் வெப்பத்துக்கு எளிதில் துடிக்கிறது. வளர்ந்தபின் அந்தத் துடிப்பு அடங்கிவிடுகிறது. உடல் முழுவதும் வெட்டி, கால் மணி நேரத்துக்குள் அடங்கி, ஒரு நாளில் ஒரு முறைக்கு மேல் வராததை எளிய வகை என்பர். இவ்வகை வந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் காக்காய் வலிப்பு எனப்படும் எபிலெப்சி வரும் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் மிகச் சிறிதளவே கூடுதல். நீண்ட நேரம் நீடித்தது, ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தது என்றால் கதை வேறு. அப்போது கூர்ந்து பார்க்க வேண்டும்.

படை விதிகளும் இந்த அறிவையே தழுவி நிற்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. யூ.பி.எஸ்.சி. வெளியிடும் அறிவிப்பின் பின்னிணைப்பில் விமானப்படைக்கான மருத்துவத் தரம் அச்சிடப்பட்டிருக்கிறது. உண்மையான எபிலெப்சி இருந்தால் தகுதியில்லை. ஐந்து வயதுக்குமேல் வலிப்பு வந்திருந்தாலும் தகுதியில்லை. ஆனால் குழந்தைப் பருவத்தில் வந்தது காய்ச்சல் வலிப்பு எனத் தோன்றி, நரம்பில் குறை ஏதும் இல்லையானால் அதைக் கேடாகக் கொள்ள வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. அதே பத்தியில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: வலிப்பு சில வேளை வெறும் மயக்கம் போல வேடமிட்டு வரும், ஆகையால் மயக்கம் எத்தனை முறை, எந்தச் சூழ்நிலையில் வந்தது என்று டாக்டர் துருவிக் கேட்க வேண்டும் என்கிறது. பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கி விழுந்தவர்கள் நம்முள் ஏராளம். அந்த மயக்கத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

ஆக, ‘இழுப்பு’ என்று மொட்டையாக எழுதினால் டாக்டர் எபிலெப்சி என்று ஐயுறலாம். ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினால் பொய். ‘மூன்று வயதில் காய்ச்சலோடு ஒரு முறை வலிப்பு, இரண்டு நிமிஷம், பின்னர் இல்லை, மருந்து தொடரவில்லை’ என்று எழுதினால் அதுவே உண்மை, விதியும் அதற்கு இடம் கொடுக்கிறது. உண்மையைச் சொல்வது மட்டும் போதாது, நண்பர்களே. அதை முழுதாகச் சொல்ல வேண்டும். எந்த வயதில், எத்தனை முறை, எதனோடு சேர்ந்து, கடைசியாக எப்போது, இன்று உடலில் ஏதேனும் எஞ்சியுள்ளதா என்பவற்றைத்தான் பரிசோதிக்கும் டாக்டர் தேடுகிறார்.

வலிப்பிலும் மூச்சிரைப்பிலும் படைக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று சிலர் குறைபடுகிறார்கள். உறக்கமின்மை வலிப்பைத் தூண்டும். அதிகாரிப் பயிற்சியிலோ தொடர்ந்து இரவுகள் உறக்கமின்றிக் கழியும். குளிர்ந்த வறண்ட காற்றில் ஓடினால் ஆஸ்துமாக்காரனின் மூச்சுக்குழல் சுருங்கும். லடாக்கில் வேறு காற்றுக் கிடையாது. ஒற்றை ஆசன விமானத்தில் அரை நிமிஷ நினைவிழப்பு என்பது விமானத்தின் முடிவு. நம் நகரத்துப் பழைய விமான நிலையச் சாலையில் 1957-இல் தொடங்கிய வான்பயண மருத்துவப் பள்ளி, இன்று இன்ஸ்டிட்யூட் ஆப் ஏரோஸ்பேஸ் மெடிசின் என்ற பெயரில், விமானிகளாக விழைவோரைப் பரிசோதிக்கிறது. ககன்யான் பயணத்துக்கான விமானிகளையும் அங்கேதான் சோதித்தார்கள். தினமும் பஸ்ஸில் அந்த வழியே போகிறோம். உள்ளே நடப்பது என்னவென்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி மூச்சு இழுப்பு. விமானப்படை விதி, ஆஸ்துமா அல்லது மூச்சிரைப்பு திரும்பத் திரும்ப வந்த வரலாறு தகுதியைக் கெடுக்கும் என்கிறது. ‘திரும்பத் திரும்ப’ என்பது முக்கியமான சொல். இரண்டு வயதில் சளிக் காய்ச்சலோடு நெஞ்சில் விசில் அடித்து நெபுலைசர் வைத்ததும், பதினைந்து வயது வரை இன்ஹேலர் பையில் இருந்ததும் ஒன்றாகா. அமெரிக்காவில் இதற்கு ஒரு கோடே கிழித்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் பிறந்த நாளுக்குப் பின் ஆஸ்துமா இருந்ததா என்பதே அங்குக் கேள்வி. நம் விதியில் அப்படி வயதுக் கோடு இல்லை. பரிசோதிப்பவரின் தீர்ப்பே கோடு. ஆதலால் நாம் கொடுக்கும் விவரம் இன்னும் கணக்காக இருக்க வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் வழக்கமாக வழங்கும் இன்னொரு சொல் உண்டு: பிரைமரி காம்ப்ளெக்ஸ். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, எடை ஏறவில்லை, மாலையில் உடம்பு சுடுகிறது. டாக்டரிடம் கொண்டுபோனால் கையில் ஒரு ஊசி போட்டு இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளந்து, ஆறு மாதம் மருந்து கொடுத்தார். எனக்கும் நான்கு வயதில் இது நடந்தது. என் தாயார் இன்றும் அதைப் ‘பிரைமரி’ என்று சுருக்கமாகச் சொல்வார். காசநோய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்பது காசநோய்க் கிருமி முதன்முறை நுரையீரலில் நுழைந்து, ஒரு சிறு புண்ணையும் அதன் அருகே நெறிக்கட்டையும் உண்டாக்கும் நிலைதான். அந்தக் கைத்தடிப்பு பி.சி.ஜி. ஊசியின் விளைவாகவும் வரலாம். ஆகையால் இப்படி மருந்து உண்ட பிள்ளைகள் எல்லாருக்கும் உண்மையில் நோய் இருந்தது என்று சொல்லவும் முடியாது.

அப்படியானால் படிவத்தில் காசநோய் என்ற கேள்விக்கு என்ன எழுதுவது? ‘நான்கு வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் எனக் கருதி ஆறு மாதம் மருந்து, முழுமையாக முடித்தேன்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது என் துணிபு. இங்கும் விதி நம்மைக் கைவிடவில்லை. நுரையீரலில் தழும்பு எக்ஸ்-ரேயில் தெரிந்தால் தகுதியில்லை. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்து, குறிப்பிடத்தக்க தழும்பு எஞ்சாவிடில், சி.டி. ஸ்கேன், மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தல் முதலிய சோதனைகளுக்குப் பின் ஏற்கலாம். ஆனால் அந்தத் தீர்ப்பை வழங்கும் அதிகாரம் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்கும் அதற்கு மேலுள்ள மறுஆய்வுக் குழுவுக்கும்தான் உண்டு. இதை அறியாதவர் முதற் குழு ‘தகுதியில்லை’ என்றதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அறிந்தவர் மேல்முறையீட்டுத் தாளை நிரப்புவார்.

மாதந்தோறும் இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்களும் நம்முள் இருக்கலாம். தாயார் அதைச் ‘சத்து ஊசி’ என்று எண்ணியிருப்பார். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பல ஆண்டுகள் தொடர்ந்தது என்றால் அது பெரும்பாலும் பென்சிலினாகத்தான் இருக்கும்; தொண்டைப் புண்ணுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வந்து இருதய வால்வைக் கெடுக்காமல் இருக்கப் போடுவது. இப்படி ஒரு நினைவு இருந்தால் தேர்வுக்கு முன்பே எக்கோ சோதனை செய்துகொள்வது அறிவுடைமை. அது படைக்காக மட்டும் அன்று.

மற்றவை அவ்வளவு சிக்கலானவை அல்ல. மஞ்சள் காமாலை வந்து ஆறு மாதம் கழிந்து, கல்லீரல் சோதனை சரியாக இருந்து, பி, சி வைரஸ்கள் இல்லையானால் தடையில்லை. காதில் சீழ் வடிந்து ஆறிய தழும்பு செவிப்பறையின் பாதிக்கும் குறைவாக இருந்து, கேள்விச் சோதனை சரியாக இருந்தால் ஏற்கலாம். குடலிறக்க அறுவை செய்தவர் உரிய காலம் கழித்து வந்தால் போதும்.

இவற்றுக்கெல்லாம் சான்று எங்கே கிடைக்கும்? ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருப்பதே டாக்டரின் கடமை. இருபது ஆண்டுக்கு முந்திய தாள் அங்கே இருந்தால் அது நம் நல்வினை. இருக்குமிடம் வீட்டுப் பீரோவின் அடித்தட்டு. கலியாணப் பத்திரிகைகளோடும் ரேஷன் கார்டின் பழைய பிரதியோடும் ஒரு மஞ்சள் பையில். டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பழைய எக்ஸ்-ரே எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையானால் இன்றைய உடலே சான்று. நரம்பு மருத்துவர் வேண்டுமென்றால் நிம்ஹான்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மூச்சுக்கு ஸ்பைரோமெட்ரி, நெஞ்சுக்கு எக்ஸ்-ரே. வெளி டாக்டரின் சான்றிதழ் இராணுவ டாக்டரைக் கட்டுப்படுத்தாது. அவர் தாமே மறுபடி சோதிப்பார். எனினும், நாம் மறைக்க வரவில்லை என்பதும், எதைத் தேட வேண்டும் என்பதும் அவருக்கு அதனால் விளங்கும்.

“எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுது, யாருக்குத் தெரியப் போகிறது?” என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். தும்மல்கூட வந்ததில்லை என்று எழுதச் சொல்வார்கள் போலும்! இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 2022 முதல் படைச் சேர்க்கை நிலையங்களில் கணினிப் பதிவேடு வந்து, ஒருவன் சிறுவயதில் வாங்கிய மருந்துச் சீட்டுகூட டாக்டரின் திரையில் தோன்றக்கூடிய நிலை ஏற்பட்டது. மறைத்துப் பழகிய தலைமுறையைப் பார்த்துச் சேர்ப்பவர்களே திகைத்தார்கள். நம் நாட்டில் 2021-இல் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டும், அதில் பதிவைக் காண நம் சம்மதம் வேண்டும். வேலூர்க் கிராமத்து டாக்டர் கையால் எழுதிய சீட்டு எந்தத் திரையிலும் வரப்போவதில்லை. ஆம், பெரும்பாலும் தெரியாது. தெரியாதிருப்பது நோய் திரும்பாதவரைதான்.

திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கே சான்று. தரம்வீர் சிங் என்பவர் 1985-இல் சிக்னல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1994-இல், வலிப்பு நோய் காரணமாக இருபது சதவீத ஊனம் என்று கணக்கிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இது அவர் உடலின் இயல்பான கோளாறு, சேவையால் வந்ததன்று என்று கூறி ஊன ஓய்வூதியத்தை மறுத்தார்கள். வழக்கு 2013 ஜூலையில் முடிந்தது. சேரும்போது நடந்த பரிசோதனையில் நோய் பற்றிய குறிப்பு எதுவும் இல்லாவிடில், அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; அவ்வாறன்று என்று நிறுவும் பொறுப்பு அரசினுடையது என்று நீதிமன்றம் கூறி, அவர் பக்கம் தீர்த்தது. பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு!

இதைக் கேட்டதும் கெட்டிக்காரர் ஒருவர், “அப்படியானால் குறிப்பு இல்லாமல் இருப்பதே நல்லதாயிற்றே?” என்பார். எங்கள் விடுதியில் அப்படிக் கேட்டவர் இருக்கிறார். எண்ணிப் பாருங்கள். தரம்வீர் சிங் நோயை மறைத்தார் என்று யாரும் நிறுவவில்லை. அவர் வென்றதற்கு அதுவே அடிப்படை. நாம் கையெழுத்திட்ட தாள் பொய் என்று ஒரு பழைய மருந்துச் சீட்டு காட்டிவிட்டால், அரசு நிறுவ வேண்டியதை நாமே நிறுவிக் கொடுத்தவர்கள் ஆவோம். மேலும் 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. பழைய தீர்ப்பின் சொற்களை மட்டும் நம்பி இன்று யாரும் இருத்தல் ஆகாது. 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேரும் அக்னிவீரர்க்கு ஊன ஓய்வூதியமே கிடையாது. நூறு, எழுபத்தைந்து, ஐம்பது சதவீத ஊனத்துக்கு முறையே 44, 25, 15 இலட்சம் ரூபாய் ஒருமுறைத் தொகை. அதற்கும் அந்த ஊனம் சேவையால் வந்ததா என்ற கேள்வி முன்னால் நிற்கும். தண்டனையும் உண்டு: 1950-ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம், 44-ஆம் பிரிவு, சேர்க்கைப் படிவத்தின் கேள்விக்கு அறிந்தே பொய் விடை சொன்னவர்க்கு இராணுவ நீதிமன்றம் ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது.

இனி, உண்மையைச் சொல்லியும் ‘தகுதியில்லை’ என்று வந்துவிட்டால்? அங்கே இரு சொற்கள் உண்டு. தற்காலிகம் என்றால் சரிசெய்துகொண்டு திரும்பி வரலாம். நிரந்தரம் என்றாலும் மேல்முறையீடு உண்டு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மேல்முறையீட்டுக் குழுவின்முன் நிற்க 42 நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த நாள் என்பதை மருத்துவக் குழுத் தலைவரிடம் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும். அதற்கு மேலுள்ள மறுஆய்வுக் குழுவை உரிமையாகக் கேட்க முடியாது. தகுந்த காரணம் இருந்தால் அனுமதிப்பார்கள். அதற்கான விண்ணப்பத்தை மேல்முறையீட்டு முடிவு தெரிந்த கையோடு, ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். 42 நாள் என்பது கேட்க நீண்டதாகத் தோன்றும். பரிசோதனைக்கு முறை வாங்கி, ரிப்போர்ட் வாங்கி, ரயிலுக்கு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு குறுகியது என்பது தெரியும். இதனால்தான் சோதனைகளை முன்பே செய்துகொள்ளச் சொல்கிறேன்.

விமானம் ஓட்டுவதற்குத் தகுதி கிடைக்காதவர், சில குறைகளில், தரைப்பணிப் பிரிவுக்குத் தகுதி பெறுவதும் உண்டு. இரண்டுக்கும் தரம் வேறு. எனவே விண்ணப்பத்தில் பிரிவுகளின் வரிசையை எழுதும்போதே இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பரங்கிமலை அதிகாரிப் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நம் சகோதரிகளுக்கும் படிவம் இப்படித்தான் கேட்கும். மகப்பேறு, மாதவிடாய் பற்றிய சில கேள்விகள் கூடும்.

என் அறைத் தோழர் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார். தாயாரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: காய்ச்சல் எவ்வளவு இருந்தது, எந்த டாக்டர், மருந்து எத்தனை நாள், அதன்பின் எப்போதேனும் மயங்கி விழுந்ததுண்டா, உடன்பிறந்தார் யாருக்கேனும் வந்ததா. அவருடைய மருத்துவப் பரிசோதனை பிப்ரவரியில்.